றைஸ்லிப் கோட்டை மேட்டில் ஒன்றுகூடல் வேண்டாம்: சங்க நிர்வாகசபைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கோடைகால ஒன்றுகூடல் பற்றி நீங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்ட அறிவித்தலை எதிர்த்து எழுதுகிறேன். இடம்: வடமேற்கு லண்டனில் உள்ள றைஸ்லிப் மேனர் ஃபார்ம், "பழைய கோட்டைப் பக்கம்". நிகழ்ச்சிகள்: கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, மண்கரையிலிருந்து காட்போட் மட்டையில் சறுக்கல், சிறுவர்களுக்கு மெட்டல் டிடெக்டருடன் (மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் கருவி) புதையல் வேட்டை. மதியம் பாபிகியூ, கொத்துரொட்டி. மூன்று பெரிய கூடாரங்கள். கடைசியில் ஒரு வரி: "அங்கே கோட்டை என்று ஒன்றும் இல்லை, வெறும் மண்மேடுதான், ஆகவே இடம் தாராளம்."

இந்த இடம் வேண்டாம் என்று அதே குழுவில் காரணத்தோடு எழுதினேன். "ரீச்சர், தோண்டினாலும் புல் திரும்ப முளைக்கும்தானே" என்றார் ஒருவர். "அது வெள்ளைக்காரன் கோட்டை, எங்களுக்கென்ன" என்று எழுதி, சிரிக்கும் முகமும் போட்டார் இன்னொருவர். அதற்குள் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து வரத் தொடங்கிவிட்டது. என் கேள்வி எங்கோ மேலே போய்விட்டது. நிர்வாகசபையிலிருந்து ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அங்கே கோட்டை இல்லை என்று எழுதியவர் கற்சுவரைத் தேடியிருக்கிறார். கற்சுவர் அங்கே இருந்திருக்கத் தேவையில்லை. 1066இல் பிரான்சின் நோர்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நோர்மன்கள் முதலில் கட்டிய கோட்டைகளில் பெரும்பாலானவை மண்ணும் மரமும்தான். வட்டமாக அகழி தோண்டுவார்கள். தோண்டிய மண்ணை நடுவில் குவித்து மேடாக்குவார்கள். அதுதான் மொட். அதன் உச்சியில் மரக்கோபுரம். மேட்டை ஒட்டி, கரையும் அகழியும் மரவேலியும் சூழ்ந்த ஒரு வளவு இருக்கும். அதற்குப் பெயர் பெய்லி. மண்டபம், சமையலறை, குதிரைக் கொட்டில் எல்லாம் அந்த வளவுக்குள். கல்லை வெட்டிக் கொண்டுவந்து கட்ட ஆண்டுக்கணக்கு ஆகும். ஊரை வெருட்டி வேலை வாங்கினால் மண் கோட்டையைச் சொற்ப காலத்தில் எழுப்பிவிடலாம். பகையான நாட்டில் சிறு படையோடு வந்து இறங்கியவனுக்கு இதைவிட வசதி எது?

றைஸ்லிப்பில் இருப்பது அப்படி ஒன்று. நிலையத்தில் இறங்கி ஹை ஸ்ட்ரீட் வழியே மேலே நடந்தால் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்துக்குக் கிட்ட மேனர் ஃபார்ம் வரும். உங்களில் பலர் அங்குள்ள நூலகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். அந்த நூலகமே பழைய களஞ்சியம் ஒன்றுக்குள்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பெரிய களஞ்சியத்துக்கு ஏறத்தாழ 700 வயது. லண்டன் பெருநகர எல்லைக்குள் நிற்கும் மரச்சட்டக் களஞ்சியங்களில் அதுதான் மூத்தது. இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, புல் மூடிக் கிடக்கும் அந்தக் கரையும் பள்ளமும்.

அதைப் போட்டவர் பெயர் எர்னுல்ஃப் த ஹெஸ்டின் என்று கருதப்படுகிறது. இன்றைய வட பிரான்சில் உள்ள ஹெஸ்டினிலிருந்து வந்தவர். றைஸ்லிப் அதுவரை ஒரு ஆங்கிலேயப் பிரபுவின் கையில் இருந்தது. 1086இல், யார் கையில் எந்த நிலம் என்று பதிய அரசர் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் அது எர்னுல்ஃபின் பெயரில் இருக்கிறது. அடுத்த ஆண்டே அவர் அந்த ஊரை நோர்மண்டியின் பெக் மடத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். பிறகு கன்டபரி பேராயரான அன்செல்ம்தான் அப்போது அந்த மடத்தின் தலைவர். துறவிகளுக்குக் கோட்டை எதற்கு? விவசாயம் பார்த்தார்கள். 1451இல் ஊர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் கைக்குப் போனது. எர்னுல்ஃப்பின் கதையோ வேறு திசையில் போனது. அரசருக்கு எதிரான 1095இன் கலகத்தில் அவருக்கும் பங்கு என்று குற்றம் சாட்டினார்கள். அந்தக் கால வழக்கப்படி தன் சார்பில் ஒரு வீரனைச் சண்டையிட வைத்து வழக்கை வென்றும், மனம் வெறுத்துச் சிலுவைப்போருக்குப் புறப்பட்டு அந்தியோக்கியாவில் இறந்துபோனார்.

நான் சொல்ல வந்த விஷயம் இனித்தான். டூம்ஸ்டே கணக்கெடுப்பு றைஸ்லிப்பில் காட்டு விலங்குகளுக்கு ஒரு பூங்கா இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறது. கோட்டை பற்றி ஒரு சொல் இல்லை. எழுத்தில் இல்லாத அந்தக் கோட்டைக்கு இருக்கிற ஒரே சாட்சி, நீங்கள் கூடாரம் அடிக்கப்போகிற மண். எங்கள் ஊரில் காணி உறுதியை எப்படி வைத்திருப்போம் என்று உங்களுக்குத் தெரியும். வீடு எரிந்தாலும் பரவாயில்லை என்று உறுதியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உங்கள் நிர்வாகசபையிலேயே இருக்கிறார்கள். இந்த மண்மேடுதான் அந்தக் கோட்டையின் உறுதி. அதற்குப் பிரதியும் கிடையாது.

புல் முளைக்கும் என்பது உண்மை. முளைக்காதது எது என்று சொல்கிறேன்.

மரக்கம்பம் நட்ட இடத்தில் கம்பம் உக்கிப் போனாலும் குழியின் வடிவத்தில் மண் வேறு நிறமாக நிற்கும். கருமையான ஒரு வட்டம். அவ்வளவுதான் மிச்சம். அந்த வட்டங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைந்து பார்த்துத்தான், இது கோபுரம், இது வேலி, இது வாசல் என்று சொல்கிறார்கள். சரே மாவட்டத்து அபிங்கரில் 1949இல் பிரையன் ஹோப்-டெய்லர் ஒரு மேட்டின் உச்சியைத் திறந்து பார்த்தபோது மரக்கோபுரத்தின் கம்பக்குழிகளும் அதைச் சுற்றியிருந்த வேலியின் குழிகளும் அப்படியே கிடைத்தன. வேல்ஸ் எல்லையில், மொன்ட்கமரிக்கு அருகே ஹென் டோமன் என்றொரு மண்கோட்டை. ரோஜர் ஒஃப் மொன்ட்கமரி 1070களில் போட்டது. பிலிப் பார்க்கர் 1960இல் அங்கே அகழ்வைத் தொடங்கினார். ஒவ்வொரு கோடையிலும் சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, முப்பது ஆண்டளவு அந்த வேலை நடந்தது. அங்கேயும் நிற்கிற சுவர் ஒன்றும் இல்லை. அந்த வளவுக்குள் எத்தனை கட்டடம் நெருக்கியடித்து நின்றது, எது இடிந்து எது அதன்மேல் எழுந்தது என்பதெல்லாம் மண்ணின் நிறத்தையும் கூழாங்கல் கிடந்த விதத்தையும் பார்த்துக் கண்டுபிடித்தவை. நோர்மன் மரக்கோட்டைகளைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பங்கு அந்த ஒரு மண்ணிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட தடயங்கள் ஆழத்திலும் இருப்பதில்லை. பல இடங்களில் புல்லுக்குக் கீழே சில அங்குலங்களில் கிடக்கும்.

இனி சென்ற வருட ஒன்றுகூடலை நினைத்துப் பாருங்கள். அது வேறொரு பூங்கா, வெறும் புற்றரை, சரி. முடிந்தபின் துப்புரவு செய்த குழுவில் நான் இருந்தேன். கூடாரத்துக்கு அடித்த இரும்பு முளைகள் முழங்கை நீளம். மழை பெய்து இறுகியிருந்ததால் இலேசில் வரவில்லை. பெடியள் ஆட்டி ஆட்டிப் பிடுங்கியபோது ஒவ்வொன்றோடும் ஒரு கட்டி மண் பெயர்ந்து வந்தது. ஆட்டி எடுத்த துளைகளுக்குள் என் கை போகும். தூக்கி எறியும் பாபிகியூத் தட்டுகளை நிலத்தில் வைத்த இடமெல்லாம் கருகிய சதுரங்கள். அடுத்த வசந்தத்தில் அந்தப் பக்கம் நடந்தபோதும் அவை தெரிந்தன. கொத்துரொட்டிக் கல்லுக்குச் சமநிலம் வேண்டும் என்று மண்வெட்டியால் ஒரு திட்டை வெட்டியதையும் பார்த்தேன். பூங்காவில் இதெல்லாம் அசிங்கம், அவ்வளவுதான். கோட்டை மண்ணில் அதே முளை ஒரு கம்பக்குழியைத் துளைத்துப் போனால், 900 ஆண்டுக்கு மேல் கலையாமல் கிடந்தது ஒரு மதியத்தில் கலைந்துவிடும். மேலே புல் பச்சையாகத்தான் இருக்கும். அதனால்தான் ஒருவருக்கும் தெரியாமலே போகும்.

சறுக்கலும் அப்படித்தான். சரிவில் புல்லை உரசி எடுத்தால் அடுத்த மழை அந்தக் கீற்றில் வழிந்தோடும். கீற்று வாய்க்காலாகும். கரை இறங்கி, அகழி தூர்ந்து, எல்லாம் ஒரே மட்டமாகும். மண்கோட்டைகளுக்கு எதிரி யாரென்றால் முயல் வளை, மரவேர், உழவு, மனிதக் கால், இவ்வளவுதான். நான்காவதைத் தடுப்பதுதான் இருப்பதில் இலகு.

புதையல் வேட்டைக்கு வருகிறேன். என்னை உண்மையில் எழுத வைத்தது இதுதான்.

அறிவித்தலின்படி முந்தின நாள் மாலை நாணயங்களைச் சரிவில் புதைத்து வைப்பீர்கள். காலையில் பிள்ளைகள் மெட்டல் டிடெக்டரோடு தேடிச் சிறு மண்வெட்டியால் தோண்டி எடுப்பார்கள். நாணயத்தைக் கண்டுபிடித்தவருக்குப் பரிசு. "உண்மையான பழைய காசு கிடைத்தால் அது போனஸ்" என்று ஒருவர் பகிடியாக எழுதியிருந்தார். அந்த பகிடி குற்றம். றைஸ்லிப் மொட்டும் பெய்லியும் அட்டவணைப்படுத்தப்பட்ட நினைவுச்சின்னம். 1979ஆம் ஆண்டின் பழைய நினைவுச்சின்னங்கள் மற்றும் தொல்லியல் பகுதிகள் சட்டம் அதைக் காக்கிறது. அந்தச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, மரபுரிமைச் சின்னங்களைக் கவனிக்கும் அரச அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட இடத்தில் மெட்டல் டிடெக்டரைப் பாவிப்பதே குற்றம். ஏதும் கிடைத்ததா இல்லையா என்பது அடுத்த கேள்வி. கிடைத்ததை எடுத்துப்போனால் அது இன்னொரு குற்றம். நினைவுச்சின்னத்தின் நிலத்தைத் தோண்டுகிற, குலைக்கிற வேலைகளுக்கு முன்கூட்டியே அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நிலம் ஹிலிங்டன் நகரசபையினுடையது. அவர்களிடம் அனுமதி கேட்டீர்களா என்று குழுவில் கேட்டேன். அதற்கும் பதில் இல்லை.

இரவில் களவாக மெட்டல் டிடெக்டரோடு இப்படியான இடங்களுக்குள் புகுந்து தோண்டுகிறவர்களுக்கு இந்த நாட்டில் நைட்ஹோக் என்று பட்டப்பெயர் உண்டு. அவர்கள் செய்வதை நாங்கள் பகலில், பிள்ளைகளை வைத்து, சங்கத்தின் பதாகைக்குக் கீழே செய்யப்போகிறோமா? ஒரு காசு மண்ணின் எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அந்த அடுக்கின் வயதைச் சொல்லும். எடுத்து உள்ளங்கையில் வைத்தபின் அது வெறும் காசு. நீங்கள் புதைத்து, பிள்ளைகள் கண்டுபிடிக்காமல் விட்ட நாணயங்களோ அங்கேயே கிடந்து பிறகு வருகிறவர்களைக் குழப்பும். ஒருவரும் தடுக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். தடுக்க ஒருவர் வந்தார் என்றால் கையும் களவுமாக நிற்கப்போகிறவர்கள் ஒன்பது வயது, பத்து வயதுப் பிள்ளைகள். அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் வரப்போவது எங்கள் எல்லோருடைய பெயரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். அங்கே நடக்கக் கூடாது, இருக்கக் கூடாது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பொது இடம். நாயோடு நடப்பவர்களும் வருகிறார்கள், பிள்ளை வண்டி தள்ளுபவர்களும் வருகிறார்கள். இருநூறு பேர், இரும்பு முளை, நெருப்பு, மண்வெட்டி, டிடெக்டர் எல்லாம் ஒரே நாளில் இறங்குவது வேறு.

"வெள்ளைக்காரன் கோட்டை, எங்களுக்கென்ன" என்றவருக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அவர் என்னைவிட மூத்தவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். சிரிக்கும் முகத்தோடு எழுதினாலும் குழுவில் பலருடைய மனதில் இருப்பதைத்தான் எழுதினார்.

அண்ணை, அந்த மண்ணைச் சுமந்தது யார் என்று யோசித்தீர்களா? எர்னுல்ஃப் மண்வெட்டி பிடித்திருக்க மாட்டார். நோர்மன் படையெடுப்பைப் படமாகத் தைத்த பாயோ திரைச்சீலையில் ஹேஸ்டிங்ஸ் கோட்டை எழும்புகிற காட்சி இருக்கிறது. மேற்பார்வைக்கு ஆள் நிற்க, வேலையாட்கள் மண்ணை வெட்டிக் கொட்டுகிறார்கள். அவர்களில் இரண்டுபேர் மண்வெட்டியாலேயே ஒருவர் தலையில் மற்றவர் போடுகிறார்கள். என்ன கோபமோ தெரியாது. பிடிபட்ட நாட்டுச் சனத்தைக் கொண்டே அவர்களை அடக்கும் கோட்டையைக் கட்டுவித்தார்கள். ஆங்கிலேயத் துறவிகள் ஆண்டாண்டாக எழுதிவந்த ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு 1066ஆம் ஆண்டுப் பதிவில் இதைப் புலம்புகிறது: அரசர் நோர்மண்டிக்குப் போனபின், விட்டுச்சென்ற இரண்டு அதிகாரிகள் நாடெங்கும் கோட்டை கட்டி ஏழைச் சனத்தை வருத்தினார்கள், அதற்குப் பிறகு நிலைமை மோசமாகிக்கொண்டே போனது என்று. தோற்ற பக்கத்துத் துறவி ஒருவர் தோற்றவர்களின் மொழியில் எழுதிவைத்தது அது.

கோட்டைக்கு இடம் வேண்டும் என்று வீடுகளையும் இடித்தார்கள். டூம்ஸ்டே கணக்கில் அது எண்ணிக்கையோடு இருக்கிறது. லிங்கனில் கோட்டையால் அழிந்த வீட்டு நிலங்கள் 166. நோர்விச்சில் 98. ஷ்ரூஸ்பரியில் 51. கேம்பிரிட்ஜில் 27. வரி அறவிட ஆள் இல்லாத இடங்கள் என்றுதான் அரசரின் எழுத்தர்கள் அவற்றைக் குறித்தார்கள். அந்த வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு வரியும் இல்லை. 1990இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள் எங்கள் சங்கத்தில் எத்தனை பேர்? ஊர் நடுவே படைமுகாம் வந்தால் கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் வேலிக்கு அந்தப் பக்கமாகப் போவது எப்படி என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன தங்கள் வளவை இன்னும் போய்ப் பார்க்காதவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அந்தக் கண்ணோடு போய் ஒருதரம் அந்தக் கரையைப் பாருங்கள். எனக்கு அங்கே வெள்ளைக்காரனின் பெருமை தெரியவில்லை. அடக்கப்பட்ட ஒரு சனத்தின் முதுகு உழைப்புத்தான் தெரிகிறது. அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் சுமந்த மண் மட்டும் இருக்கிறது.

இன்னுமொன்று. சங்கத்தின் பொங்கல் விழாவில் கீழடி பற்றி ஒரு உரை வைத்தீர்கள். நன்றாக இருந்தது. மதுரைப் பக்கத்தில் தென்னந்தோப்பு நின்ற ஒரு திடலுக்கு அடியில் செங்கற்சுவரும் உறைகிணறும் பானையோட்டில் எழுத்தும் கிடைத்ததைச் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. கேள்வி நேரத்தில் ஒருவர் எழும்பி, ஆனைக்கோட்டையை மறந்துவிடாதீர்கள் என்றார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது பிராமி எழுத்துள்ள முத்திரை ஒன்று ஈமக்குழியிலிருந்து கிடைத்த இடம் அது. அதற்கும் கைதட்டினோம். இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் கட்டிய அரண்மனையின் இடத்துக்கு இன்று மாளிகைமேடு என்று பெயர். அங்கேயும் மேட்டைத் தோண்டித்தான் செங்கல் அடித்தளத்தைக் கண்டார்கள். எங்களுடைய மேடு என்றால் வரலாறு, மற்றவனுடைய மேடு என்றால் கூடாரம் அடிக்க இடமா? கீழடியில் ஒருவர் பிள்ளைகளுக்கு டிடெக்டரும் மண்வெட்டியும் கொடுத்துப் புதையல் தேடச் சொன்னால் இந்தக் குழுவில் எத்தனை கண்டன அறிக்கை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவற்றில் இரண்டை என்னைக் கொண்டுதான் எழுதுவித்திருப்பீர்கள்.

பிள்ளைகளுக்கு அந்த இடம் சலிக்கும் என்று நினைத்துத்தான் புதையல் வேட்டை வைத்தீர்கள் என்றால் அதுவும் சரியில்லை. தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிய அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வந்ததும் "கோட்டை எங்கே ரீச்சர்?" என்றுதான் கேட்டார்கள். கண்ணால் தேடாதே, காலால் தேடு என்றேன். நிலம் எங்கே இறங்குகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே வளைகிறது என்று பார்த்துப் பார்த்து நடக்கச் சொன்னேன். ஆளுக்கொரு தாளில் கோடு போட்டார்கள். தாள்களை ஒன்றாக வைத்தபோது கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தி வளைந்தன. பள்ளத்தில் ஒருத்தியும் மேலே ஒருத்தனும் நிற்க, கீழே நின்றவள் "இங்கேயிருந்து ஏறினால் நான் செத்தேன்" என்றாள். அகழி எதற்கு என்று அதற்குப் பிறகு நான் விளங்கப்படுத்தவில்லை. செலவு ஒரு பென்சில் பெட்டி. ஒரு புல்லும் பிடுங்கப்படவில்லை.

இப்படி மேட்டுக்காகச் சண்டை பிடிப்பது இந்த நாட்டில் புதிதும் அல்ல. யோர்க் நகரில் கிளிஃபோர்ட்ஸ் டவர் என்ற பழைய கற்கோபுரம் நிற்கிற நோர்மன் மேட்டின் அடிவாரத்தில் பார்வையாளர் நிலையம் கட்ட 2016இல் நகரசபை அனுமதி கொடுத்தது. ஊரவர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். 2018இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இத்தனைக்கும் அதைக் கட்ட விரும்பியது அந்தச் சின்னத்தைப் பராமரிக்கும் அமைப்பே. முறையான அனுமதியோடு வந்த திட்டத்தையே மக்கள் ஏற்கவில்லை. நாங்கள் ஒருவரிடமும் கேளாமல் போகிறோம்.

ஆகவே நிர்வாகசபையிடம் நான் கேட்பவை இவை.

மெட்டல் டிடெக்டரும் தோண்டலும் உள்ள புதையல் வேட்டையை முழுவதுமாக நிறுத்துங்கள். இடத்தை மாற்றினாலும், நிலச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் வேறு எங்கும் வைக்க வேண்டாம். இதை இந்தக் கிழமைக்குள் குழுவில் அறிவியுங்கள். ஏனென்றால் சில பெற்றோர் டிடெக்டர் வாங்க இணையத்தில் விலை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒன்றுகூடலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். றைஸ்லிப்பிலும் ஈஸ்ட்கோட்டிலும் நோர்தோல்டிலும் நல்ல விளையாட்டுத் திடல்கள் இருக்கின்றன. நகரசபைக்கு முறைப்படி விண்ணப்பித்து எடுக்கலாம். கூடாரம் எங்கே அடிக்கலாம், நெருப்பு எங்கே மூட்டலாம் என்று அவர்களே சொல்வார்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப ஆள் இல்லை என்றால் நான் நிரப்பித் தருகிறேன்.

"வெறும் மண்மேடுதான்" என்ற வரியை அறிவித்தலிலிருந்து எடுத்துவிட்டு, அது சட்டம் காக்கும் நினைவுச்சின்னம் என்று திருத்தம் போடுங்கள். சத்தமில்லாமல் அழித்துவிட வேண்டாம். வாசித்தவர்கள் நானூறு பேர்வரை இருப்பார்கள், திருத்தமும் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு விதி சேருங்கள். சங்கம் எந்த வெளியிடத்தைத் தெரிவுசெய்தாலும், முதலில் அது இங்கிலாந்தின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, பார்த்தவரின் பெயரோடு கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். பட்டியல் இணையத்தில் இலவசம். ஊர்ப்பெயரைப் போட்டால் வரைபடத்தில் எல்லைக்கோடே காட்டும். இந்த வேலைக்கு நான் பொறுப்பெடுக்கத் தயார்.

கோட்டை மேட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக விருப்பம் என்றால் இன்னொரு நாளில், சிறு சிறு குழுவாக, தாளும் பென்சிலுமாகப் போவோம். அதையும் தமிழ்ப் பள்ளி பார்த்துக்கொள்ளும். பக்கத்துப் பார்க் வூட் காட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். டூம்ஸ்டேயில் வருகிற அந்த விலங்குப் பூங்காவின் எல்லைக்கரையும் பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். றைஸ்லிப் காடுகளிலிருந்து 1339இல் லண்டன் டவருக்கும் 1344இல் வின்சர் கோட்டைக்கும் மரம் போயிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே விஷயம் தாராளம்.

அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தில் இந்த மடலை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, முடிவைக் குழுவில் எழுத்தில் போடுங்கள். எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டாம். இடம் மாறாவிட்டால் நகரசபையின் மரபுரிமை அலுவலருக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கும் நானே அறிவிப்பேன். அது சங்கத்துக்கு எதிரான வேலை என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் இப்போதே, உங்கள் எல்லோருக்கும் முன்னால், எழுதிவைக்கிறேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர், தமிழ்ப் பள்ளி ஆசிரியை